வெறுங்கால் சம்பந்தி

கமலநாதனின் இடது கால் ஷூ, தன் அடிப்பாகத்தைக் காப்பார் என்ற ஊருக்குப் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்து மண்பாதையில் போட்டுவிட்டு, மேல்பாகத்தோடு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

நாலு எட்டு போன பிறகுதான் அவருக்கே விஷயம் தெரிந்தது. என்னடா கல் குத்துகிறதே என்று குனிந்து பார்ப்பதற்குள் வலது கால் ஷூவும் வாயைப் பிளந்தது.

"என்ன மிஸ்டர் கமலநாதன், நின்னுட்டீங்க?" முன்னால் ஓடிக்கொண்டிருந்தவர் குரல் கொடுத்தார்.

"லேஸ் அவுந்துருச்சு சார்!"

லேஸ் அவிழவில்லை. அந்த ஷூவில் லேஸ் ஒன்றுதான் உருப்படியாக இருந்தது.

முன்னால் ஓடியவர் பெயர் பரமேஸ்வரன். கிள்ளான்காரர். ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அறுபதைத் தாண்டியும் வயிறு என்று ஒன்று இல்லாத மனிதர். வருஷா வருஷம் மராத்தான் ஓடுவார். அதைவிட முக்கியம், அவர் லோகனின் அப்பா. கமலநாதனின் ஒரே மகள் விஷ்ணுப்ரியா, கட்டினால் லோகனைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். லோகனும் அப்படித்தான் நிற்கிறான். நடுவில் இரண்டு காலிலும் ஓடிக்கொண்டிருப்பவர் இந்தப் பரமேஸ்வரன்தான்.

சம்பந்தி ஆகப்போகிறவரோடு ஒரு நீண்ட ஓட்டம் ஓடிப் பார்க்காமல் அவர் எந்தச் சம்பந்தத்துக்கும் தலையாட்டியதில்லை. "ஜாதகம் பொய் சொல்லும், சம்பளச் சீட்டு பொய் சொல்லும். மூச்சு வாங்கறப்ப மட்டும் எந்த மனுஷனும் பொய் சொல்ல முடியாது" என்பது அவர் கட்சி. மூத்த மகனுக்குப் பேசிய இடத்தில், பெண்ணின் அப்பா பாதி வழியில் டாக்ஸி பிடித்துவிட்டார் என்ற ஒரே காரணத்துக்காக, நிச்சயத்துக்கு முந்தின வாரம் எல்லாவற்றையும் நிறுத்தியவர். அந்த மூத்த மகன் இன்றைக்கும் பூச்சோங்கில் தனியாக மீ நூடுல்ஸ் அவித்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான்.

முடியாது என்று கமலநாதன் சொல்லியிருக்கலாமே என்றால், சொல்ல வழியில்லை. அவர் தன் வாயாலேயே கெட்டவர்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் டாக்டர் அவருக்குக் கொழுப்பு ஏறிவிட்டது என்று சொன்னார். அன்றே மனைவி சீதாலெட்சுமி வீட்டில் நெய்யையும் தேங்காய்ச் சட்னியையும் ஒழித்துக்கட்டினாள். மறுவாரமே கமலநாதன், "இனிமே ஞாயித்துக்கிழமை காலையில ஓடப்போறேன்" என்று அறிவித்தார். புது ஷூ வாங்கினார். ஓட்டச் சட்டையும் அரைக்கால் சட்டையும் போட்டுக்கொண்டு காரில் கிளம்பி, பிரிக்பீல்ட்ஸில் இரண்டு தெரு தள்ளி இருந்த சாப்பாட்டுக் கடையில் இறங்கி, செலிப்பர் செருப்போடு உள்ளே போய், நெய்த் தோசையில் கை வைத்தார். வைத்த கையை இதுவரை எடுக்கவில்லை. ஷூ காரின் பின்பெட்டியிலேயே கிடந்தது.

"ஓடி ஓடி எடை கூடின ஆளை நான் உங்களைத்தான் பார்க்கறேன்" என்று சீதாலெட்சுமி வாரா வாரம் சொன்னாள். ஆனால் மகள் நம்பினாள். நம்பியதோடு நில்லாமல், எங்கப்பா பெரிய ஓட்டக்காரர் என்று லோகன் வீட்டில் போய்ப் பெருமையடித்துவிட்டு வந்தாள். பரமேஸ்வரன் அன்றைக்கே நாள் குறித்துவிட்டார்.

இரண்டு வருஷ வெயிலில் பெட்டிக்குள் வெந்த ஷூவின் பசை பொடிப்பொடியாகிவிட்டது. ஓடுகிறவன் ஷூ தேயும். ஓடாதவன் ஷூதான் இப்படி உதிரும். பரமேஸ்வரன் ஒரு பார்வை பார்த்தால் போதும், இரண்டு வருஷத்து நெய்த் தோசையும் வெளியே வந்துவிடும்.

கமலநாதன் சுற்றுமுற்றும் பார்த்தார். இரண்டு ஷூவையும் காலுறையோடு கழற்றிப் பக்கத்துக் கால்வாயில் வீசினார். அவை மூழ்கும் நேரத்தில் பரமேஸ்வரன் திரும்பி வந்து நின்றார்.

"ஷூ எங்க?"

"கழட்டிட்டேன் சார். தூர ஓட்டம்னா எனக்கு எப்பவும் வெறுங்கால்தான். மண்ணு கால்ல படணும்."

பரமேஸ்வரனின் முகத்தில் முதல்முறையாக ஒரு மரியாதை தெரிந்தது. "வெறுங்கால்லயா! இத்தனை வருஷத்துல நானே துணிஞ்சதில்ல, மிஸ்டர் கமலநாதன். அப்ப நீங்க உங்க வேகத்துலயே வாங்க. என்கூட வந்தா உங்க கவனம் கெட்டுரும். நேரா போனா தோட்டத்து அந்தக் கோடியில ஒரு பஸ் ஸ்டாப்பு இருக்கு. அங்க காத்திருக்கேன்."

"சரி சார்."

"பாதியில யாரு வண்டியிலயும் ஏறிட மாட்டீங்களே?"

"ச்சேச்சே, என்ன சார் நீங்க!"

பரமேஸ்வரன் செம்பனை மரங்களுக்கு நடுவே சிறிதாகி மறைந்தார். இருவருடைய கைத்தொலைபேசிகளும் அவருடைய காரில் காப்பாரில் பூட்டிக் கிடந்தன. ஓடும்போது போன் கூடாது என்பது அவர் சட்டம். கமலநாதன் பத்து எட்டு நொண்டினார். ஒரு கூழாங்கல் அவர் குதிகாலைத் தேடி வந்து குத்தியது. "அம்மா!" என்று அலறினார்.

அந்த நேரம் பார்த்துத் தொழிலாளர் வீட்டு வரிசைப் பக்கமிருந்து நாலைந்து பெண்கள் குடங்களோடு பாதையில் ஏறினார்கள். முன்னால் வந்த அம்மாவின் கையில் வேப்பிலைக் கட்டு இருந்தது. அவர் பெயர் வீரம்மா என்பது பிறகுதான் தெரிந்தது. எதிரே அவர் கண்டது இது: மஞ்சள் சட்டை, மஞ்சள் அரைக்கால் சட்டை, வெறுங்கால், தலை முதல் கால்வரை வியர்வை, மணிக்கட்டில் மஞ்சள் கயிறு, வாயில் அம்மா.

மஞ்சள் உடுப்பு லோரிக்காரர்கள் கண்ணில் படவேண்டும் என்று மகள் வாங்கித் தந்தது. கயிறு, ஓடப் போகும் புருஷன் உயிரோடு திரும்பி வரவேண்டும் என்று சீதாலெட்சுமி அன்று காலை சாமி படத்துக்கு முன்னால் கட்டி விட்டது. இதெல்லாம் வீரம்மாவுக்கு எப்படித் தெரியும்? கைகளைத் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டுவிட்டார்.

"சாமி, எங்கேர்ந்து வர்றீங்க?"

"காப்பார்லேர்ந்தும்மா. ஓடியே வர்றேன்."

"வெறுங்கால்லயா?"

"பார்த்தா தெரியலையாம்மா, கால்ல ஒண்ணும் இல்ல."

"பசியாறுனீங்களா?"

"பச்சைத் தண்ணிகூட இறங்கல."

"யாருக்காக சாமி?"

இது என்ன கேள்வி என்று கமலநாதனுக்கு விளங்கவில்லை. ஆனால் பதில் நெஞ்சிலிருந்து தானாக வந்தது. "எல்லாம் என் மக கல்யாணத்துக்காகத்தான்."

சொன்னதில் ஒரு எழுத்து பொய் இல்லை. இரண்டு வருஷமாகப் பொய் சொல்லித் தப்பித்தவர், அன்றைக்கு உண்மையைச் சொல்லி மாட்டிக்கொண்டார்.

"அம்மா தாயே! கேட்டீங்களாடி? மக கல்யாணம் நடக்கணும்னு காப்பார்லேர்ந்து ஓடி வர்றாராம்!" வீரம்மாவின் குரல் தழுதழுத்தது. ஒரு பெண் குடத்தை இறக்கி மஞ்சள் தண்ணீரை அவர் காலில் ஊற்றினாள். இன்னொருத்தி கையில் எலுமிச்சம்பழத்தைத் திணித்தாள். வேப்பிலையில் பாதி இடுப்புக்குப் போனது.

"அம்மா, இதெல்லாம் வேணாம். ஒரு ஜோடி செலிப்பர் இருந்தா குடுங்க, புண்ணியமா போகும்."

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வீரம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். "எங்களைச் சோதிக்கிறீங்க சாமி. தீ மிதிக்கப் போற காலுக்கு நாங்க செலிப்பர் குடுப்பமா?"

"என்ன மிதிக்க?"

"இன்னைக்கு எங்க தோட்டத்து மாரியம்மனுக்குத் தீமிதி சாமி. சாயங்காலமானா மழை பிடிச்சுக்குதுன்னு காலையிலேயே வச்சுட்டோம். குழி நல்லா கனிஞ்சுருச்சு."

கமலநாதன் திரும்பி, வலியையெல்லாம் மறந்து, பஸ் ஸ்டாப்பு திசையில் எடுத்தார் பாருங்கள் ஓட்டம்.

"பார்த்தியா, அம்மா பேரைச் சொன்னதும் வேகத்தை!" என்று பின்னால் வீரம்மா சொன்னது கேட்டது. அதைத் தொடர்ந்து ஒரு குலவை எழுந்தது.

கொஞ்ச தூரம் போவதற்குள் ஒரு மோட்டார் சைக்கிள் பக்கத்தில் வந்து நிதானித்தது. ஓட்டி வந்தவர் கோயில் கமிட்டிக்காரர் பழனியப்பன். சட்டைப் பையில் பெரிய பேட்ஜ் குத்தியிருந்தார்.

"அண்ணே, காலு போச்சுண்ணே. அந்த பஸ் ஸ்டாப்பு வரைக்கும் பின்னால ஏத்திக்குங்க," என்று கமலநாதன் கெஞ்சினார்.

"என்ன சாமி இது? நேர்ந்துக்கிட்டு ஓடி வர்றவரை வண்டியில ஏத்தினா அந்தப் பாவம் என் குடும்பத்துக்குத்தான் வரும் லா. நீங்க ஓடுங்க. நான் கூடவே வர்றேன்."

"நான் நேர்ந்துக்கல அண்ணே. சும்மா ஓடிப் பழக வந்தேன்."

பழனியப்பன் அவரை மேலும் கீழும் பார்த்தார். மஞ்சள் கால், மஞ்சள் சட்டை, கையில் எலுமிச்சம்பழம், இடுப்பில் வேப்பிலை. "சரி சாமி, நீங்க சொன்னா சரிதான்," என்றார் பவ்யமாக. வெயிலில் புத்தி கலங்கிய பக்தரிடம் வேறென்ன பேசுவது?

"போனாவது குடுங்க அண்ணே. ஒரே ஒரு கால்."

போன் கிடைத்தது. கமலநாதனுக்கு மனப்பாடமாகத் தெரிந்த எண் உலகத்தில் ஒன்றுதான். மூச்சிரைக்க ஓடிக்கொண்டே மகளைக் கூப்பிட்டார்.

"ப்ரியா, உடனே காரை எடுத்துக்கிட்டு வாம்மா. என்னைத் தீயில இறக்கப் போறாங்க."

"எங்கப்பா இருக்கீங்க? லோகனோட அப்பா எங்க?"

"அவர் முன்னால போயிட்டாரு. அவருக்குத் தெரியக் கூடாது. இங்க ஏதோ செம்பனைத் தோட்டம், உள்ளார ஒரு மாரியம்மன் கோயிலாம்..."

"சிவப்புத் தண்ணி டேங்க் பக்கத்துல, பச்சை கேட்டு போட்ட கோயிலாப்பா? தெரியும். நாங்க கிள்ளான்லதான் இருக்கோம், வந்துடறோம். அப்பா, ரொம்பக் கஷ்டப்படாதீங்க. ஓடலைன்னாலும் ஒண்ணும் ஆகாது."

ஒண்ணும் ஆகாதாமே! இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கல்யாணம் என்றால் எவ்வளவு இளப்பம் என்று கமலநாதன் மனதுக்குள் வைதார். போனைத் திருப்பிக் கொடுத்தார். மகள் வரும்வரை மெதுவாக நடந்து நேரத்தை ஓட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டார்.

அந்தக் கணக்கை உறுமி மேளக்காரர்கள் கெடுத்தார்கள். கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த அவர்களுடைய லோரியைப் பழனியப்பன் கையைக் காட்டி நிறுத்தினார். "காப்பார்லேர்ந்து வெறுங்கால்ல வர்றாரு, மக கல்யாணத்துக்கு வேண்டுதல். சும்மாவா கூட்டிக்கிட்டுப் போறது?" என்றார். பத்துப் பேர் குதித்து இறங்கினார்கள். உறுமி உறுமியது.

அந்த மேளம் கேட்டால் ஆடாத காலும் ஆடும். ஆனால் கமலநாதனுக்கு ஆட்டம் வரவில்லை, அவமானம்தான் வந்தது. நடந்தால் அவர் துவண்டுவிட்டார் என்று அடியைக் கூட்டினார்கள். ஓடினால் அருள் ஏறிவிட்டது என்று அதற்கும் கூட்டினார்கள். நின்றால், யாரோ ஒருவர் காதோரம் வந்து "ஓம் சக்தி!" என்று கத்தினார். வேறு வழியில்லாமல் கமலநாதன் தன் வாழ்க்கையிலேயே முதல்முறையாக, ஒரு முழு நீண்ட ஓட்டத்தை நிற்காமல் ஓடினார்.

பாதை ஓரிடத்தில் இரண்டாகப் பிரிந்தது. இடது பக்கம் பஸ் ஸ்டாப்பு. அவர் முழு மூச்சோடு இடது பக்கம்தான் திரும்பினார். பழனியப்பனின் மோட்டார் குறுக்கே வந்து நின்றது.

"கோயில் இந்தப் பக்கம் சாமி."

கோயிலில் தோட்டத்துச் சனம் முழுக்கத் திரண்டிருந்தது. கிள்ளான், செராஸ் என்று பிழைக்கப் போனவர்களும் பிள்ளைகுட்டிகளோடு வந்திருந்தார்கள். முற்றத்தில் நீளமாக வெட்டிய குழியில் தணல் சிவந்து கிடந்தது. பத்தடி தள்ளி நின்றாலே முகம் காய்ந்தது. கமலநாதனுக்கு மாலை போட்டு வரிசையில் நிறுத்தினார்கள். அதுவும் முதல் ஆளாக. தூரத்திலிருந்து வந்தவருக்கு மரியாதை.

அவர் பூசாரியின் கையை இறுகப் பற்றிக்கொண்டார். "ஐயா, ஒரு நிமிஷம். உண்மையைச் சொல்லிடறேன். நான் வேண்டுதல்காரன் இல்ல. நான் ஓட்டப் பயிற்சிக்கு வந்தவன்."

பூசாரி அசரவில்லை. திருநீற்றை அள்ளி அவர் நெற்றியில் அப்பினார். "குழிகிட்ட வந்ததும் எல்லாருக்கும் இப்படித்தான் ஏதாவது வாயில வரும். போன வருஷம் ஒருத்தர் நான் கிறிஸ்துவன்னு சொன்னாரு. விட்டமா என்ன? எங்க பங்காளி அவரு."

"எனக்குக் காப்பு கட்டலைங்க! காப்புக் கட்டாம இறங்கக் கூடாதுல்ல?" கமலநாதன் கத்தியே விட்டார். சட்டம் தன் பக்கம் இருக்கிறது என்று தெரிந்ததும் குரலில் ஒரு தெம்பு வந்திருந்தது.

பூசாரி முகம் மாறியது. காப்புக் கட்டாதவரை இறக்கவே கூடாது. ஊருக்கே ஆகாது. மேளத்தை நிறுத்தச் சொல்லிக் கையைத் தூக்கினார். தூக்கிய கை அப்படியே இறங்கிக் கமலநாதனின் மணிக்கட்டைப் பிடித்தது.

"இது என்ன?"

சீதாலெட்சுமி கட்டிய மஞ்சள் கயிறு வெயிலில் பளிச்சென்று இருந்தது.

"அது என் வீட்டுக்காரி, எனக்கு ஒண்ணும் ஆகக்கூடாதுன்னு சாமி கும்பிட்டு..."

"அதுக்குப் பேருதான் காப்பு," என்றார் பூசாரி. உறுமி மறுபடியும் கிளம்பியது.

இனி ஒரே ஒரு வழிதான் மிச்சம். நேற்று ராத்திரி, ஓடுகிற உடம்புக்குத் தெம்பு வேண்டும் என்று சீதாலெட்சுமி மனமிரங்கி ஆட்டிறைச்சிப் பிரட்டல் செய்திருந்தாள். கமலநாதன் மூன்று முறை போட்டுக்கொண்டார். அதைச் சொன்னால் போதும், கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிடுவார்கள். இவ்வளவு சுலபமான வழியை இவ்வளவு நேரம் மறந்தோமே என்று வாயைத் திறந்தார்.

"மிஸ்டர் கமலநாதன்!"

கூட்டத்தைப் பிளந்துகொண்டு பரமேஸ்வரன் வந்து நின்றார். பஸ் ஸ்டாப்பில் காத்திருந்து பார்த்து, ஆளையும் காணவில்லை, மேளச் சத்தமும் நெருங்குகிறது என்று தேடிக்கொண்டு வந்திருக்கிறார். மாலையைப் பார்த்தார். மஞ்சள் பூசிய வெறுங்காலைப் பார்த்தார். கடைசியாகத் தணலைப் பார்த்தார்.

"இது... இது என்ன?"

கமலநாதனுக்கு முந்திக்கொண்டு வீரம்மா பதில் சொன்னார். "மக கல்யாணம் தடையில்லாம நடக்கணும்னு காப்பார்லேர்ந்து பட்டினியா ஓடி வந்திருக்காரு ஐயா. வெறுங்கால்ல. இந்தக் காலத்துல எந்தத் தகப்பன் செய்வான்?"

பரமேஸ்வரன் மெல்ல இரண்டு கையையும் கூப்பினார்.

கமலநாதன் குழியைப் பார்த்தார், பரமேஸ்வரனைப் பார்த்தார். பிரட்டல் என்ற சொல் நாக்கு நுனியில் நின்றது. சொன்னால் கால் தப்பிக்கும். ஆனால் ஷூ, நெய்த் தோசை, இரண்டு வருஷப் பொய் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வரும். லோகனைப் பற்றிப் பேசும்போதெல்லாம் விஷ்ணுப்ரியாவின் முகத்தில் வருமே ஒரு வெளிச்சம், அது போய்விடும். பயத்தில் அவருக்கு அழுகை வந்தது. அவர் சோம்பேறிதான், சாப்பாட்டு ராமன்தான். ஆனால் மகள் என்றால் அவருக்கு உயிர். அதில் மட்டும் ஒரு நாளும் பொய் இருந்ததில்லை.

'தாயே, அந்த ஆட்டிறைச்சிச் சங்கதி நமக்குள்ளேயே இருக்கட்டும்' என்று வேண்டிக்கொண்டார். கண்ணை இறுக மூடினார். ஓடினார்.

அவர் குழியில் இறங்கியதை எல்லாரும் பார்த்தார்கள். ஏறியதை யாரும் பார்க்கவில்லை. அதற்குள் அக்கரையில் பால் ஊற்றிய பள்ளத்தையும் தாண்டி, பந்தல் காலையும் தாண்டி, அன்னதானக் கொட்டகைக்குள் போய் நின்றுவிட்டார். "ஓம் சக்தி" என்ற முழக்கம் அடங்கவே வெகுநேரம் ஆனது. காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். தோட்டத்துச் சேறும் மஞ்சளும் கெட்டியாகப் படிந்திருந்த பாதத்தில் ஒரு கொப்புளம் இல்லை.

சிறிது நேரத்தில் இரண்டு பேரும் வாழையிலைக்கு முன்னால் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பரமேஸ்வரன் சோற்றைத் தொடவில்லை.

"நான் பெரிய ஓட்டக்காரன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்," என்றார். "நான் ஓடுனது எல்லாம் மெடலுக்கு. நீங்க பொண்ணுக்கு ஓடுறீங்க. அதையும் வாய் திறந்து சொல்லல."

கமலநாதனுக்கு மனது உறுத்தியது. இவ்வளவு நல்ல மனிதரை ஏமாற்றுகிறோமே என்று இருந்தது. "சார், ஒரு உண்மை சொல்லணும். நான் ஓட்டக்காரனே இல்ல."

"தெரியும்."

கமலநாதனுக்குச் சோறு விக்கிக்கொண்டது.

"நீங்க ஓட்டக்காரர் இல்ல. பக்தர். ஓட்டக்காரனா இருந்தா உங்களை மாதிரி கையை இப்படி விரிச்சு விரிச்சு ஓடமாட்டான். நான் காலையிலேயே கவனிச்சேன்."

"சார், அந்த ஷூ..."

"ஷூவைப் பத்திப் பேசாதீங்க. எனக்கு வெக்கமா இருக்கு." பரமேஸ்வரன் இடது கையால் அவர் தோளை அழுத்தினார். "இனிமே மிஸ்டரும் வேணாம், சாரும் வேணாம். இந்தக் கல்யாணத்துக்கு எனக்குப் பூரண சம்மதம். சாப்பிடுங்க, சம்பந்தி."

சம்பந்தி! அந்த ஒரு சொல்லில் கமலநாதனின் கால் வலி, இடுப்பு வலி, மானம் போன வலி எல்லாம் போன இடம் தெரியவில்லை. கண்ணில் தண்ணீர் முட்டியது. அப்பளத்தை நொறுக்கி அதை மறைத்துக்கொண்டார். உலகத்தில் எந்த நெய்த் தோசையும் அந்த வெறும் சாம்பார் சோற்றின் ருசிக்கு ஈடாகாது என்று அப்போது அவருக்குத் தோன்றியது.

அந்த நேரத்தில்தான் விஷ்ணுப்ரியாவும் லோகனும் கொட்டகை வாசலில் மூச்சுவாங்க வந்து நின்றார்கள்.

"அப்பா! நிஜமாவே மிதிச்சிட்டீங்களா? யாருப்பா உங்களை இதெல்லாம் செய்யச் சொன்னது?" விஷ்ணுப்ரியா ஓடிவந்து அவர் பாதத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"உனக்காகத்தாம்மா," என்றார் பரமேஸ்வரன் கம்பீரமாக. "டேய் லோகன், இப்படி வா. நான் சம்மதம் குடுத்துட்டேன். அவரும் குடுத்துட்டாரு. அப்பா அம்மா ஆசீர்வாதம் இல்லாம எதுவும் செய்யக் கூடாதுன்னு நீ இவ்வளவு நாள் பொறுமையா இருந்தியே, அதுக்குப் பலன் கிடைச்சுருச்சு. நல்ல நாள் பார்ப்போம்."

பிள்ளைகள் இரண்டு பேரும் சந்தோஷத்தில் துள்ளிக் குதிப்பார்கள் என்று கமலநாதன் எதிர்பார்த்தார். லோகன் குனிந்து தன் கால் கட்டை விரலை ஆராய்ந்தான். விஷ்ணுப்ரியாவின் அழுகை சட்டென்று நின்றது. "முதல்ல வீட்டுக்குப் போயிடலாம்ப்பா," என்றாள் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டே. "இப்பவே போயிடலாம். எழுந்திரிங்க."

"இரும்மா, இன்னும் ரசமே வரல," என்றார் கமலநாதன்.

ரசம் வந்தது. வாளியோடு வந்த வீரம்மா கரண்டியைத் தூக்கிய கையோடு நின்று, விஷ்ணுப்ரியாவையும் லோகனையும் மாறி மாறிப் பார்த்து, முகமெல்லாம் மலர்ந்தார்.

"அடடே, நீங்களா! போன மாசம், கல்யாணப் பதிவாளராவும் இருக்கற நம்ம கோயில் செயலாளர்கிட்டக் கல்யாணத்தை ரிஜிஸ்டர் பண்ணிட்டு, என்னையும் சாட்சிக் கையெழுத்துப் போட வச்சுட்டு, ஒரு வாய் சோறுகூடச் சாப்பிடாம ஓடிட்டீங்களே. இன்னைக்காவது புருஷனும் பொண்டாட்டியுமா உக்காந்து சாப்பிட்டுட்டுப் போங்க!"